மியூட் போட்ட மரியாதை

உங்களைத் தினமும் கடுப்பேற்றிய ஆளுக்காக நீங்கள் ஏங்கியதுண்டா? தாம்பரத்தில் நான் ஏறிய லோக்கல் ரயிலில், எதிர் சீட்டில் கால் சென்டர் கார்டு மாட்டிய இரண்டு அக்காக்கள். கண்ணாடி போட்டவர் திடீரென்று சொன்னார்.

"ரமணி மேடம்கிட்ட திட்டு வாங்கணும் போல இருக்குடி."

"லூசா நீ? பழைய ஆபீஸ்ல அந்த டீம் லீடு போன் வந்தாலே அழுவியே."

"அழுவேன். ஆனா மியூட் போட்டு நாம அவங்கள கிழிப்போம்ல. உடனே மியூட் எடுத்துட்டு, ‘ஷ்யூர் மேடம், கண்டிப்பா மேடம்’."

"ஒரு நாள் நான் மியூட் போட மறந்துட்டேன்."

"மொத்தத்தையும் கேட்டுட்டு, ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ன்னாங்க பாரு. இப்ப இருக்கற லீடு மெசேஜ்தான் போடறான். அவன்கிட்ட மியூட் போட வேலையே இல்ல."

"அதுக்கு?"

"ரமணி மேடம் மேடவாக்கத்துல அவங்க புது டீமுக்கு என்னைக் கூப்பிடறாங்க. இன்னைக்கு பதில் சொல்லணும்."

கண்ணாடி அக்கா போன் போட்டார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது: "ஒரு பதிலுக்கு இவ்ளோ நேரமா? தூங்கிட்டியா?"

அவர் மியூட்டைத் தட்டினார். "பிசாசு, மாறவே இல்லடி."

மறுபடி தட்டினார். "ஷ்யூர் மேடம். வந்துடறேன் மேடம்."

இப்போது ரயில் குரோம்பேட்டையில் நிற்கிறது.