ஸ்கேனுக்கு ரெண்டு லிட்டர்

...இது ரெண்டாவது பாட்டில். இதுக்கு மேல குடிச்சா நான் மெதந்துதான் உள்ள போகணும். அந்த டோக்கன் குடுக்கற பொண்ணுகிட்ட சொன்னா, கம்ப்யூட்டர விட்டு கண்ணெடுக்காம, "இன்னும் குடிங்கக்கா"ங்குது. என்ன, என் மூத்திரப்பையில மீட்டர் மாட்டி வெச்சிருக்கா அது? உக்காரும்மா, இந்த சேர்ல யாரும் இல்ல. பைய மடியில வெச்சுக்காத, அழுத்தும். நீயும் அடிவயித்து ஸ்கேன்தானே? பாட்டிலப் பாத்தாலே தெரியுதே. கொஞ்சங் கொஞ்சமா குடி. நான் மூணாவது தடவையா வரேன், அனுபவத்துல சொல்றேன்.

போன மாசம் வந்தேன். படுக்க வெச்சாங்க, வயித்துல அந்த ஜெல்ல தடவினாங்க. அத ஃபிரிட்ஜுலதான் வெச்சிருப்பாங்களோ என்னவோ, உச்சந்தல வரைக்கும் சிலுத்துச்சு. நாலு அமுக்கு அமுக்கிட்டு, "காலியா இருக்கேம்மா, பாத்ரூம் போனீங்களா?"ன்னார் ஸ்கேன் எடுக்கறவர். மூத்திரப்பை நல்லா உப்பினாத்தான் கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் தெரியுமாம். இல்லன்னா அது திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குமாம். போய்ட்டு அப்பறம் வாங்கன்னுட்டாங்க. அதுக்கு முந்தின தடவையும் இதே கதைதான். சரி, இந்த ஃபேன் ஏன் இப்படி கத்துது... அந்த சத்தத்துலயே எனக்கு முட்டுது.

என்னம்மா? ஆமா, சினைப்பை நீர்க்கட்டி. உனக்கும் அதானா? அட போ, அப்ப நாம சொந்தக்காரங்க. மொகத்த ஏன் தொங்கப் போடற? அது கட்டியே இல்லையாம், எங்க டாக்டரம்மா படம் போட்டு காட்டினாங்க. மாசம் ஒரு முட்டை முத்தி வெளிய வரணுமாம். நமக்கு எல்லாம் பாதியில நின்னு, வரிசையா உக்காந்திருக்காம். "இந்த ஹால் மாதிரியா டாக்டர், டோக்கன் வாங்கிட்டு எல்லாம் உக்காந்தே கெடக்குதா?"ன்னேன். சிரிச்சுட்டாங்க.

மாசாமாசம் வர வேண்டியது வர்ற அழக சொல்லணுமே. நாலு மாசம் ஆளே இருக்காது. வந்துச்சுன்னா பதினஞ்சு நாள் டேரா போட்டுடும். அப்பறம் இந்த தாடை முடி. வீட்டுக்காரர் ஷேவ் பண்ண கண்ணாடி முன்னாடி வர்றதுக்குள்ள நான் என்னோடத பிடுங்கி முடிச்சிருக்கணும். ஒரு வீட்ல ரெண்டு பேர் தாடிக்கு சண்டை போட முடியுமா சொல்லு.

எடைய கொறைங்கறாங்க. எடைய ஏத்தறதே இந்த சனியன்தான், அது போகணும்னா எடைய கொறைக்கணுமாம். இது எந்த ஊர் நியாயம்? நடந்தேன், மூணு மாசம். செருப்புதான் எளச்சுது. சும்மா சொல்லக்கூடாது, மூணு கிலோ கொறஞ்சப்ப ஒரு தடவ சொன்ன தேதிக்கு டாண்ணு வந்துச்சு. அத ஒத்துக்கணும். மாத்திரை இருக்கு, கொழந்தையும் பொறக்கும், நெறைய பேருக்கு பொறந்திருக்குன்னு அந்தம்மா அடிச்சு சொல்றாங்க. ஆனா முதல்ல ஸ்கேன் வேணுமாம், ரத்தம் குடுக்கணுமாம். அதான் வந்து வந்து திரும்பறேன்.

நான் என்ன வேலை பாக்கறேன் தெரியுமா? வாஷிங் மிஷின் கம்பெனில போன்ல புகார் கேக்கறேன். "தண்ணி ஏறல", "தண்ணி எறங்கல", நாள் பூரா இதேதான். நடுவுல எழுந்திருக்கக் கூடாது, பாத்ரூம் போக சூப்பர்வைசர்கிட்ட கை தூக்கணும். எந்த மானஸ்தி தூக்குவா? அஞ்சு மணி நேரம் அப்படியே அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். சிரிக்கக்கூட மாட்டேன்.

என்ன அப்படி பாக்கற?

ம். கெட்டிக்காரிதான் நீ. ஆமா, அஞ்சு மணி நேரம் அடக்கறவளுக்கு இங்க ஒரு மணி நேரம் முடியாதா? முடியும். கூப்பிடறதுக்கு முன்னாடி நானேதான் போய்ட்டு வந்தேன். ரெண்டு தடவையும். தாராளமா, குழாயத் தொறந்துவிட்டுக்கிட்டு.

ஏன்னா... ஜன்னல் வழியா பாரு, கீழ வண்டிகிட்ட ஒருத்தர் நிக்கறார், நீலச் சட்டை. எங்க வீட்டுக்காரர். பேக்கரில ரொட்டி மாஸ்டர். இருந்தார். பதினாலு வருஷம் அடுப்புகிட்ட நின்னவர். கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு, ஒண்ணும் இல்ல. எங்கம்மா ஒரு நாள் எல்லார் முன்னாடியும், "அடுப்பு சூட்டுலயே நின்னா ஆம்பளைக்கு எப்படி கொழந்த பொறக்கும்?"னு ஆரம்பிச்சாங்க. நாத்தனார் ஆமாம்னாங்க. இவர் தலைய குனிஞ்சுக்கிட்டார். மறு வாரமே அடுப்ப விட்டுட்டு அங்கயே ரொட்டி பாக்கெட்ல லேபிள் ஒட்டற வேலைக்கு மாறிட்டார். டெஸ்ட் பண்ணிக்கறேன்னு கூட சொன்னார். நாந்தான் இப்ப என்ன அவசரம்னேன். அவருக்கு ஒண்ணுமில்லன்னு வந்தா, அடுத்து யார பாப்பாங்க?

இந்த நீர்க்கட்டி இருக்குன்னு எனக்கு பத்தொம்பது வயசுலயே சொல்லிட்டாங்கம்மா. எங்கம்மாவும் கூடத்தான் இருந்தாங்க. வெளிய சொல்லாத, கல்யாணம் நின்னுடும்னாங்க. சரின்னேன். அன்னிக்கு அந்த அடுப்புப் பேச்சு நடக்கறப்ப அம்மா என்னைப் பாக்கல, நானும் அம்மாவப் பாக்கல. மூச்சு விடாம பேசற நான், அன்னிக்கு வாயத் தொறக்கல. அசிங்கமா இருக்கு, சொல்றதுக்கே.

இப்ப டிவி பாக்க உக்காந்தார்னா, மடியில தலகாணிய வெச்சு பிசைஞ்சுக்கிட்டே இருக்கார். மாவு பிசையற கை, சும்மா இருக்க மாட்டேங்குது. அதப் பாத்துட்டுத்தான், ஸ்கேன்ல வர்றது இவருக்கும் தெரியட்டும்னு, இன்னிக்கு பாத்ரூம் பக்கமே திரும்பறதில்லன்னு வந்திருக்கேன்.

யாரு, முப்பத்தேழா? நான்தான், இதோ வரேன். யப்பா, எழுந்தாலே ஊத்திடும் போல. பாரு, இவரும் மேல வந்துட்டார். கையில இன்னொரு பாட்டில் வேற, பத்தாதுன்னு நெனச்சுட்டார் பாவம். ஒரு நிமிஷம் இருங்க சிஸ்டர், எங்கயும் ஓடிட மாட்டேன்.

என்னங்க... நாளைக்கே முதலாளிகிட்ட கேளுங்க, அடுப்பு வேலைக்கு திரும்ப எடுத்துப்பாங்களான்னு. கேளுங்கன்னா கேளுங்க. ஏன் எதுக்குன்னெல்லாம் என்னை கேக்காதீங்க.

இல்ல... கேளுங்க. உள்ள வந்து கேளுங்க.