கயிறு இறுகின கழுத்து

இந்தாண்ட குந்து நைனா, ஆனா உன் பைய இது மேல வெக்காத. டப்பாவுல கண்ணாடி கீது. ஒடைஞ்சா வேற கெடையாது.

மூஞ்சி பாக்குற கண்ணாடி இல்லப்பா. வெரல் நீளம், மெல்லிசு. கழுத்துல ஊசி குத்தி உறிஞ்சி, அத்த இதுல தடவி, கலரு ஏத்திப் பாப்பாங்கோ. என் சம்சாரத்தோடது. தாயம்மா.

ஆமா, தைராய்டுதான். ரொம்ப வருசமா மாத்திரை துன்னுகினு இருந்தா. ஒருக்கா காய்ச்சல்னு தர்காவுல ஓதிக் கறுப்புக் கயிறு கட்டினு வந்தா கழுத்துல. கொஞ்ச நாள்ல இறுக்குதுன்றா. தண்ணி பட்டு சுருங்கிக்கிச்சுன்னு நானே சொன்னேன். இவ நேரா தர்காவுக்கே போயி, இன்னா பாய், சுருங்குற கயித்த கட்டிட்டீங்கன்னு ஓதுனவராண்ட சண்ட. பாவம், வேற கட்டி வுட்டாரு, தொளதொளன்னு. மாசம் திரும்பல, அதுவும் இறுக்கிச்சு.

மொத ஊசியில வெறும் அழற்சி, பயப்படாதீங்கன்ட்டாங்கோ. கொற சொல்ல முடியாது. அதுலயும் வெள்ளணு வருமாம், கேன்சருலயும் அதேதான் வருமாம். அப்பால மெஹ்னாஸ் டாக்டரம்மா பாத்தாங்கோ. ரிப்போர்ட்ட கீழ வெச்சுட்டு, எவ்ளோ நாள்லம்மா இப்டி வீங்கிச்சுன்னாங்கோ. இவ கயித்துக் கதைய சொல்றா. நான் சிரிச்சுட்டேன். டாக்டரம்மா சிரிக்கல. திரும்ப ஊசி, அப்றம் துளி சதை வெட்டிப் பாத்தாங்கோ. லிம்போமான்னாங்கோ, தைராய்டுலயே வர்ற கேன்சராம். என்னையும் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாக்கச் சொன்னாங்கோ. ஊதா ஊதாவா, உருண்ட உருண்டையா, எல்லாம் ஒரே மாதிரி. அழகாத்தான் இருந்துச்சு, இன்னா பண்றது.

த்தோ, பள்ளம்! மெதுவாப் போப்பா டிரைவரு! கண்டெய்னரு ஓடி ஓடி ரோடே கெட்டுப்போச்சு.

மருந்துக்குக் கேட்டுச்சே. கழுத்து வீக்கம் கரைஞ்சு, கயிறு ஊஞ்சலாட்டம் ஆடிச்சு. பாருய்யா, பாய் மேல தப்பு இல்லன்னு சிரிச்சா.

வேற டாக்டருக்குக் காட்டவா? லேப்லயும் அப்டித்தான் கேட்டாங்கோ. தலைய ஆட்டிட்டு இத்த வாங்கினு வந்துட்டேன். யாருக்குக் காட்ட? திரும்ப வந்துச்சு, போய்ட்டா. கயிறும் அவகூடவே எரிஞ்சிச்சு. சாம்பலு காசிமேட்டுக் கடல்ல. வூட்ல பொடவ கீது, போட்டோ கீது, அதுல அவ இல்லியே. இதுலதான் துளி ஒட்டினுகீறா. அவள தின்னதும் இதுலதான் கீது, தெரியும். இருந்துட்டுப் போவட்டும்.

தேரடி ஸ்டாப்பிங் வந்துடுச்சு. முட்டி புடிச்சுக்கிச்சு, எய்ந்துக்குற வரைக்கும் இத்த புடி நைனா. ஒரு கையில வாணாம். ரெண்டு கையால.