மாட்டுக்காரங்க வர்ற வரைக்கும்

ஹலோ... அண்ணே, கோகிலவாணிதான். சின்னதுல நீ கேட்டியே, "உங்க பேருக்கு இன்னா அர்த்தம்மா"ன்னு, ஞாபகம் இருக்கா?... ஆமா, நம்ம பின்டர் அம்மாவத்தான்...

இல்லண்ணே. மண்ணு போட்டாச்சி.

அழாத... அழாதண்ணே, பஸ்ஸுல நாலு பேரு பாப்பாங்க... திருப்பூர்லேர்ந்து ஓடியாறவன், நீ இன்னா பண்ணுவ? மழை கறுத்துக்கினு வந்துச்சி. அதுக்கு மேல வெச்சிருக்க முடியல... ஆமா, ஆமா, ஊரே வந்துச்சி. மிஷன் ஆஸ்பத்திரியில அவங்க கையால பொறந்ததுங்க எல்லாம் வந்துச்சி. இப்பதான் கலைஞ்சி போனாங்க. நான் மட்டும் குழி பக்கத்துல நிக்கறேன்.

சிலுவையில பேரு எழுதறப்ப முனிசாமி மாமா கேட்டாரு, "பின்டர்னா இன்னாம்மா?"... அதேதான். நீ கேட்டதேதான்.

சொன்னேன். அவங்க வெள்ளக்காரச் சீமையில, அந்தக் காலத்துல, வழி தப்பின மாட்டப் பட்டியில கட்டி, தண்ணி காட்டி, மாட்டுக்காரங்க வர்ற வரைக்கும் பாத்துக்கறவங்களுக்கு அந்தப் பேருன்னு... ம்... அன்னிக்கி அவங்க இதச் சொன்னதும் நீ உடனே கேட்ட, "அப்ப எங்கம்மா வர்ற வரைக்கும் எங்கள வெச்சிப்பீங்களா?" "வெச்சிப்பேன்டா"ன்னாங்க.

ஆமா... வரலதான். நம்மள அவங்ககிட்ட வுட்டுட்டு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன அம்மா, போனதுதான். அது மேல கோவிச்சிக்காதண்ணே. அதுக்கு அங்க இன்னா ஆச்சோ, யாரு கண்டா.

இரு, ஒண்ணு சொல்லணும். காலைல கண்ணத் தொறந்தாங்க. என் கையப் புடிச்சிக்கினு, "உங்கம்மா வந்துட்டாங்களா"ன்னாங்க... ஆமாண்ணே, இத்தினி வருசம் கழிச்சி... "வந்துட்டாங்கம்மா, வெளிய உக்காந்திருக்காங்க"ன்னேன்... பொய்தான். சாமி மன்னிக்கட்டும். அதக் கேட்டப்புறம்தான் மூச்சு அடங்குச்சி.

அண்ணே... நம்ம ஊர்ல தப்பின மாட்டத் திரும்ப ஓட்டிக்கினு போறவங்க இன்னா பண்ணுவாங்க? கட்டி வெச்சவங்க வூட்டு வாசல்ல ஒரு சுமை புல்லு போட்டுட்டுதான போவாங்க?... ம். நம்மளுக்கு யாரு வந்து போட்டாங்க? அதான் நான்...

ஹலோ?... அண்ணே?... ஹலோ?

கட்டாயிடுச்சி.

...அம்மா. இந்தாங்க, புல்லு. எங்கம்மா போட வேண்டியது... எங்களக் கூட்டிக்கினு போயிடுச்சிம்மா. இனிமே நீங்க பாத்துக்கினு இருக்க வேணாம். தூங்குங்க.