ஐஸ்பெட்டியில் இருந்த சர்டிபிகேட்

"சர்டிபிகேட்டை யாராச்சும் ஐஸ்பெட்டியில வைப்பாங்களாம்மா?"

காரைக்கால்மேட்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெண்தான் கேட்டாள். மடியில் ஃபைல். பக்கத்தில் அவள் அம்மா. மீன் விற்கிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"காலேஜ்ல கணக்கும் பேங்கிங்கும் படிச்சு வாங்குன சர்டிபிகேட்டு. இப்ப பைனான்ஸ் ஆபீஸ்ல இன்டர்வியூ. ஃபைலைத் தொறந்தா வஞ்சிர வாடை!"

"வஞ்சிரமா? அந்தப் பெட்டியில சங்கராதான்டி போட்டிருந்தேன்."

"அம்மா!"

"அதான் பவுடர் தட்டுனேனே."

"இப்ப பவுடர் போட்ட சங்கரா மாதிரி இருக்கு."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"பீரோவுல வச்சா என்னம்மா?"

"சுனாமிக்கு முன்னாடி உன் பத்தாவது மார்க் ஷீட்டை எங்க வச்சிருந்தோம்?"

"பீரோவுல."

"பீரோ எங்க?"

பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நம்ம வீட்டு சாமான்லயே மிதந்து கரையில ஒதுங்குனது அந்த ஐஸ்பெட்டி ஒண்ணுதான்."

பஸ் ஸ்டாண்ட் வந்தது. பெண் ஃபைலை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

"வேலை கெடச்சா மொத சம்பளத்துல புது ஐஸ்பெட்டி வாங்கித் தர்றேன்."

"உன் சர்டிபிகேட்டுக்கா?"

"இல்லம்மா, மீனுக்கு. மிதக்கும்னு நமக்குத் தெரிஞ்சது பழசுதானே."