நீக்கிலாப்பிள்ளையின் சின்னத் தோட்டாக்கள்

தலைமை வகிக்கும் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி எமில்டா நீக்கிலாப்பிள்ளை அவர்களே, குளிர் அங்கியைக் கழற்றாமலே அமர்ந்திருக்கும் கனடா ஸ்காபரோப் பெருமக்களே, வணக்கம்.

எங்கள் தொழிலதிபர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை மறைந்து இன்றுடன் முப்பத்தொரு நாள். பனி வழித்துக்கொண்டு நின்றவர் களைப்பாக இருக்கிறதென்று வாசற்படியில் இருந்தார், பிறகு எழும்பவேயில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அவருக்குத் தொழிலில் பங்காளியாக இருந்த அருள்நாயகம் நான், இங்கே தனியே நிற்கிறேன்.

மேடையேறுமுன் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அண்ணை, துவக்கு, தோட்டா எண்ட கதையை எடுக்காதேங்கோ. உதுக்குப் பயந்து ஓடிவந்த சனம் இருக்கு.”

எடுக்காமல் எப்படிப் பேசுவது? மரண அறிவித்தலில் ‘உலோகப் பொருள் உற்பத்தியாளர்’ என்று போட்டீர்கள். அவர் என்ன, கதவுப் பிணைச்சலா செய்தார்? தோட்டா செய்தார், ஐயா! முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் தோட்டா செய்தார்! இந்த மண்டபத்துக்குக் கூரை போட அவர் காசு தந்தபோது, எதை விற்றுத் தருகிறார் என்று ஒருவராவது கேட்டோமா?

அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் நான் குடியிருந்த காலத்தில், கூட வேலைசெய்த ஒருவர் அவரை வடக்கே வேட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சிறுகுழல் துவக்கில் அவருக்கு ஆசை விழுந்தது. சுண்டுவிரல் நுழையும் குழல். தோட்டாவுக்குள் கடுகுபோலக் கொஞ்சமே ஈயச் சன்னம். தூரத்தில் நின்று சுட்டால் ஒன்றும் விழாது. கிட்டப் போகவேண்டும். அண்ணை கிட்டப் போவார், பறவை பறந்துவிடும். வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு வருவார்.

“துவக்குக்குப் பயந்து வந்த மனிசன் இஞ்ச கடையில துவக்கு வாங்கிறியளோ?” என்று எமில்டா அக்கா கேட்பா.

“இது சின்னத் துவக்கப்பா.”

“சின்னனால செத்தா என்ன, பெரிசால செத்தா என்ன?”

“முயலைக் கேட்டுச் சொல்லுறன்.”

துவக்கு கிடைத்தது, தோட்டா கிடைக்கவில்லை. கடைகளில் பெரிய துவக்குகளுக்குத் தட்டுத் தட்டாக இருந்தது. சிறுகுழலுக்கு ‘அடுத்த வருடம் பாருங்கள்’ என்றார்கள். அண்ணை முறையாகப் படித்து, அனுமதி எடுத்து, தனக்குத் தானே செய்தார். வேட்டைத் தோழர்கள் கேட்டார்கள். அவர்களுடைய தோழர்களும் கேட்டார்கள். அப்படித்தான் தொழிற்சாலை வந்தது. ஷெல்லடிக்குப் பதுங்குகுழியில் இருந்து பழகிய பதினொரு பேர் அங்கே தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். நல்ல சம்பளம், பல்லுக்கும் காப்புறுதி. இப்படியொரு சமாதானத்தை எங்களுக்கு வேறு யார் பெற்றுத் தந்தார்கள்?

அந்தப் பதினொரு பேரும் இப்போது என்னையே பார்க்கிறார்கள். உரிமத்துக்கு, துவக்கு அனுமதி உள்ள பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். இருந்தவர் ஒரேயொருவர், அவரை அடக்கம் செய்துவிட்டோம். மாத முடிவுக்குள் இன்னொருவர் இல்லையென்றால் கதவைப் பூட்டவேண்டும். அண்ணையின் மகள் ஸ்டெபனியைக் கேட்டேன்.

“நோ அங்கிள். கனடா டே வாணத்துக்கே அம்மா கட்டிலுக்குக் கீழ போறா. நானும் துவக்கெடுத்தா அவ தாங்கமாட்டா.”

எமில்டா அக்கா, மன்னிக்கவேண்டும்.

ஆகவே போன வாரம் நானே துவக்குப் பாதுகாப்புப் பரீட்சைக்குப் போனேன். எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! அடுத்தது செய்முறை. பரீட்சகர் மிகவும் பண்பான இளம்பெண். தோட்டா இல்லாத துவக்கொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

வாங்கும்படி இரண்டு தரம் சொன்னார். அடையாள அட்டை சட்டைப் பைக்குள் இருக்கிறது என்று நான் தமிழில் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தாறு ஆண்டுகள். பெயில்.

சிரியுங்கள், பரவாயில்லை. அண்ணை இருந்தால் அவரும் சிரித்திருப்பார். அவர் இல்லையே!

மறுபரீட்சை செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அமரரின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் உறுதி எடுத்தார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்தப் பதினொரு பேருக்கு முன்னால் நானும் ஓர் உறுதி எடுக்கிறேன்: செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் துவக்கை நீட்டும்போது, நான் கைகளைத் தூக்கமாட்டேன்.