முதுகு கத்தரித்த கோட்டு

காஜா பெராங் போகும் பஸ்ஸில் என் முன்இருக்கையில் ஓர் அம்மாளும் அவர் தம்பியும் இருந்தார்கள். அம்மாளின் கணவர் இறந்துவிட்டார். முதல்நாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

“உடம்பு வெறைச்சிடுச்சு, கை மடங்கல. கோட்டு முதுகை மேலேர்ந்து கீழவரைக்கும் கத்தரிச்சுத்தான் மாட்டிவிட்டாங்க தம்பி.”

“முன்னால பாக்க தொரை மாதிரிதான்க்கா இருந்தாரு.”

“மெர்டேக்கா, சுதந்திரம் கெடச்ச அன்னிக்குப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னாரு. ரோட்டுல தார் ஊத்துற ஆளுக்கு ஸ்டைலப் பாருன்னு சிரிச்சேன். பேசாம கழட்டி வச்சிட்டாரு. அப்புறம் தொடவே இல்ல.”

தம்பி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னா வெலைக்கா அது?” என்றார்.

“துணியும் தையக்கூலியும் சேத்து. ஒரு வருசமா சுருட்டை விட்டுட்டுச் சேத்த காசு. நாப்பது வெள்ளி.”