முப்பத்தொரு மில்லிமீட்டர்

மச்சான் என்று ஒருவர் வாய்த்தால் என் மனைவியின் அண்ணனைப் போல வாய்க்க வேண்டும். மரம் ஏறுவார், சமைப்பார், சொன்ன பேச்சைத் தட்டமாட்டார். அப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஐயா. அதனால்தான் காட்டு ஆய்வு நிலையத்தில் என்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் காட்டில் கட்டைவிரல் பருமனில் ஒரு வௌவால் உண்டு. விரியாத இலைச் சுருளுக்குள் பகலெல்லாம் தூங்கும். மச்சான் சுருளின் வாயைப் பொத்துவார், நான் துணிப்பையில் தட்டிக்கொள்வேன். முன்கையை அளந்துவிட்டுப் பறக்கவிடுவோம். முப்பத்தாறு மில்லிமீட்டர். பதினோரு வருடமாக அதே முப்பத்தாறு. அவற்றின் மூஞ்சியில் விழிக்கவே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு நாள் ஒன்று முப்பத்தொன்று காட்டியது. நிறமும் சற்றுக் கறுப்பு. புது இனம் என்று முடிவுகட்டிவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அது மச்சானின் விரலைக் கடித்துவைத்தது.

"மாப்ள, லேசா ரத்தம் வருது."

"சோப்பு போட்டு நல்லா கழுவுங்க மச்சான்."

கழுவினார். முதல் ஊசியும் போட்டார்கள். அடுத்தது நிலையத்தின் விதி: கடித்த வௌவாலைக் கொன்று, மூளையில் ரேபிஸ் என்னும் வெறிநோய் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இல்லையென்றால் மீதி ஊசிகள் வேண்டாம். இதில் ஒரு சிக்கல். மூளையை எடுக்க மண்டையை உடைப்பார்கள். புது இனத்துக்குப் பெயர் வைக்க மண்டை முழுதாக வேண்டும். என்னிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று.

ஆகவே அதைக் கெடாமலிருக்க மருந்துப் புட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு முப்பத்தாறைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினேன். நோய் இல்லை என்று பதில் வந்தது. ஊசியை நிறுத்தினார்கள். மச்சானுக்கு ஊசி என்றாலே உயிர்போகும், ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

ஆறு வாரம் நன்றாகத்தான் இருந்தார். இடையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கட்டுரை எழுதுகிற மும்முரத்தில் இருந்தேன். ஏழாவது வாரம் அவருக்குத் தண்ணீர் டம்ளரைக் கண்டாலே தொண்டை இழுத்தது. மருத்துவர் கேட்டபோது, "அதான் சோதனை பண்ணிட்டோமே டாக்டர், சுத்தமா இருந்துச்சு" என்றேன். பொய்யில்லை. சோதித்த வௌவால் சுத்தம்தான்.

"மாப்ள, அதுக்கு ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?" என்றார் மச்சான். தலையாட்டினேன். நான்காம் நாள் போய்விட்டார்.

கட்டுரையைப் படித்த நிபுணர், இறக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். குட்டியென்றால் விரல் மூட்டில் வெளிச்சம் ஊடுருவும். அளக்கும் முன்பே பார்க்க வேண்டியது, அன்றைய அவசரத்தில் விட்டுப்போயிற்று. பிடித்துப் பார்த்தேன், ஊடுருவியது. சில வாரம் விட்டிருந்தால் அதுவும் முப்பத்தாறு ஆகியிருக்கும்.

என் மனைவிக்குத்தான் எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். அவள் இழந்தது ஓர் அண்ணனை. நான் இழந்தது ஓர் இனத்தையே.